பிளாஸ்டர் காயும் வரை

அசையக் கூடாது என்று வேதாசலம் சொன்னதும் சடாட்சரத்துக்குச் சிரிப்புதான் வந்தது, ஆனால் சிரிக்க வாய் அவர் வசம் இல்லை, உதட்டின் மேல் முதல் பூச்சு ஏற்கெனவே விழுந்துவிட்டது, ஜில்லென்று தாடையில் வழிந்து கழுத்துத் துணியில் சொட்டியது. யாரிடம் சொல்கிறான் பார். அசையாமல் இருப்பதைப் பற்றி என்னிடம். வடபழனியில் எத்தனை ஸ்டுடியோ உண்டோ அத்தனையிலும் போய்க் கேள், பூதம் சடாட்சரம் நின்றால் தூண் என்பார்கள், தூணாவது வெயிலுக்கு விரிசல் விடும், சடாட்சரம் விடமாட்டார். மேக்கப் அறை நாற்காலியைப் பின்னால் சாய்த்துப் போட்டு, புருவத்திலும் இமையிலும் விளக்கெண்ணெய் தடவி, தலைமயிரை ஈரத்துணியால் இறுக்கிக் கட்டி, காதில் பஞ்சு அடைத்து, மூக்குத் துளைக்கு ஒன்றாகப் பப்பாளிக் காம்பை நறுக்கிச் செருகியிருந்தான் வேதாசலம். மோல்டிங் மாஸ்டர். இந்தக் கம்பெனிப் படங்களில் வரும் ராட்சசத் தலை, வெட்டுப்பட்ட கை, வாய் பிளக்கும் முதலை எல்லாம் அவன் வாளியிலிருந்து பிறந்தவைதான். "மூச்சு வருதாண்ணே? வருதுன்னா வலது கட்டைவிரலத் தூக்குங்க. தாங்க முடியலன்னா இடது கையத் தூக்குங்க, உடனே பிச்சு எடுத்துடறேன். ஆனா அப்படி எடுத்தா அச்சு போச்சு. காயற வரைக்கும் பொறுத்துக்கிட்டீங்கன்னா ஒரே தடவையில முடிஞ்சுரும்." சடாட்சரம் வலது கட்டைவிரலைத் தூக்கினார். சும்மா தூக்கவில்லை, ராஜா அபயம் கொடுக்கிற தோரணையில் தூக்கினார். பப்பாளிப் பாலின் பச்சை வாடை மூச்சோடு மூச்சாகத் தொண்டைக்குள் இறங்கியது.

அசையாமல் இருப்பது என்ன சாதாரண வித்தையா, பூதப் படத்துக்கு உயிரே அதுதான். பூதம் மறைய வேண்டும் என்றால் டைரக்டர் "ஸ்டாப்" என்று கத்துவார், காமிரா நிற்கும், ராஜகுமாரனும் விதூஷகனும் எந்தக் கையை எப்படி வைத்திருந்தார்களோ அப்படியே சிலையாக நிற்க வேண்டும், பூதம் மட்டும் அவர்கள் நடுவிலிருந்து நடந்து வெளியே போய் ஒரு பீடி பற்ற வைத்துக்கொள்ளலாம். மறுபடி காமிரா ஓடும். திரையில் பார்த்தால் பூதம் இருந்த இடத்தில் புகைதான் இருக்கும். சாம்பிராணிப் புகை. தோன்ற வேண்டும் என்றால் இதே கதை தலைகீழ். மறைகிறவனுக்கு என்ன கஷ்டம், நிற்கிறவன் பாடுதான் பாடு, இந்தக் காலத்து ராஜகுமாரன்களுக்குக் கண் இமைக்காமல் நிற்கத் தெரிகிறதா, மூக்கைச் சொறிவான், ஷாட் போகும், திரும்ப எல்லாம் முதலிலிருந்து. தோன்றுகிற ஷாட்டிலும் சடாட்சரம் நிற்பார், மறைகிற ஷாட்டிலும் ஒத்திகைக்கு நிற்பார், நிற்கச் சொன்னால் போதும் நிற்பார். இரட்டைப் பிடிப்பும் அப்படித்தான். லென்ஸில் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி அவரைக் கிட்டத்தில் வைத்து எடுப்பார்கள், பிறகு அதே ஃபிலிமைத் திருப்பிச் சுற்றி, மறுபாதியைத் திறந்து ராஜகுமாரனைத் தூரத்தில் நிறுத்தி எடுப்பார்கள், திரையில் மலை அளவு பூதமும் எலி அளவு மனிதனும் நேருக்கு நேர் நிற்பார்கள். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டக் கூடாது. ஒரு தரம் ஆத்திரத்தில் கையை வீசினார், கோட்டைத் தாண்டிவிட்டது, திரையில் போட்டுப் பார்த்தபோது முழங்கைக்குக் கீழே கை இல்லை, கத்தியால் நறுக்கிய மாதிரி காற்றில் முடிந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சட்டைக் கைக்குள் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

இமைமேல் பிளாஸ்டர் விழுந்தது. அதுவரைக்கும் கண்ணை மூடியிருந்தாலும் வெளிச்சத்தின் சிவப்பு உள்ளே இருந்தது, இப்போது அதுவும் போயிற்று. சரி, இருட்டுதானே. துணிப்பட்டையை நனைத்து நனைத்து வேதாசலம் மேலே ஒட்டுகிறான், ஒவ்வொரு பட்டைக்கும் முகம் கொஞ்சம் தள்ளிப் போகிறது, தன் மூக்கு இப்போது அடுத்த தெருவில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். முப்பதடித் தலை. ஜகதீசன்தான் சொன்னான், கம்பெனி மேனேஜர், நேற்று சாயங்காலம் வீட்டு வாசலுக்கே காரில் வந்து, "அண்ணே, கடல்லேர்ந்து உங்க தலை எழும்பணும், முப்பதடி, கண்ணு உருளணும், வாய் தொறக்கணும், அதுக்கு உங்க மூஞ்சிய அளவெடுக்கணும்" என்றான். அவர் மனைவி செண்பகம் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவன் போனதும், "இருக்கற தலையே வீட்டுல எடம் பத்தல" என்றாள். பேசட்டும். முப்பதடித் தலை யாருக்குக் கிடைக்கும், இந்த ஊரில் எவனுக்குக் கிடைத்திருக்கிறது, ராஜகுமாரனுக்கா கிடைத்தது, அவன் தலை என்ன இருந்தாலும் போஸ்டரில் கைக்குட்டை அளவுதான். கடல் பிளந்து முதலில் கொம்பு தெரியும், பிறகு நெற்றி, பிறகு இந்தப் புருவம், இப்போது விளக்கெண்ணெய் வடிகிறதே இதே புருவம், தரை டிக்கெட்டில் குழந்தைகள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். குழந்தைகள் அழுவது அவருக்குப் பிடிக்கும். அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கும் பெண்ணின் தோளில் ஒரு குழந்தை பேசாமல் விரல் சூப்பிக்கொண்டிருந்தால், அவர் மெல்லக் கன்னத்தை உப்பிக் கண்ணை உருட்டுவார், குழந்தை வீறிட்டதும் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அம்மாக்காரி திரும்பிப் பார்த்துவிட்டு, "அய்யோ, பூதம்" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவும். சடாட்சரம் என்று அவரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. பூதம் என்றால் கூட்டம் கூடும்.

சூடு ஏறுகிறது. வேதாசலம் முன்பே சொன்னான், காயும்போது சுடும், பயப்படக் கூடாது என்று. பயமா, எனக்கா. ஆர்க் விளக்குச் சூட்டையே பார்த்தவன் நான், அன்றைக்கு மேலே தொங்கியபோது, வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். மேலே தொங்கியபோது எத்தனை விளக்கு. இடுப்பில் தோல்வார் கட்டி, பியானோ கம்பி கோத்து, சாரத்தில் இருந்த ஆட்கள் இழுத்து மேலே ஏற்றிவிட்டார்கள், பறக்கிற பூதம், கீழே தாமரைமேல் கதாநாயகி, புகை சரியாக வரவில்லை, கம்பி மின்னுகிறது, கம்பிக்குக் கறுப்பு அடி, மறுபடி புகை, இறக்கிவிட்டு ஏற்றினால் நேரமாகும் என்று அப்படியே விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக்கூடப் பாதிப் பேர் போய்விட்டார்கள். கொஞ்சம் இறக்குங்கப்பா என்று சொல்லியிருக்கலாம். பூதம் சொல்லுமா. வார் அடிவயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு நேரம் அது நடந்தது, சூடாக, தொடையோடு, நிறுத்த முடியாமல், சொட்டுச் சொட்டாகக் கீழே. கதாநாயகி அண்ணாந்து பார்த்தாள். "அப்பாடா, என்ன வேர்வை, என்ன வேர்வை!" என்று அவர் மேலேயிருந்து உரக்கச் சொன்னார், பூதக் குரலிலேயே சொன்னார். லைட்பாய் ஒருத்தன், "ஆமாண்ணே, இன்னிக்குப் புழுக்கம்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். வேர்வைதான். எல்லோரும் வேர்வை என்றுதான் நினைத்தார்கள். செண்பகம் மட்டும் அன்றைக்கு வேட்டியைத் துவைக்கும்போது வாளியைத் தூர வைத்துக்கொண்டு, இரண்டு தரம் சோப்புப் போட்டாள்.

காதுப் பஞ்சைத் தாண்டிக் கதவுச் சத்தம் வந்தது. செருப்பு. முதலாளியின் செருப்பு, அந்தக் கிறீச் அவருக்குத் தெரியும், கூடவே ஜகதீசனின் இருமல். வலது கட்டைவிரலைத் தூக்கி வணக்கம் சொல்லலாமா என்று யோசித்தார். முதலாளி பேசினார். "எத்திராஜை வரச் சொன்னியா?" "வெளியில நிக்கிறான் முதலாளி. தோள் அளவு, கழுத்து அளவு எல்லாம் இவருக்கு அப்படியே இருக்கு. ரப்பர் மூஞ்சிய மாட்டிட்டா பெத்த தாய்க்குக்கூட வித்தியாசம் தெரியாது." "கயித்துல தொங்குவானா?" "ராயபுரம் பயில்வான் முதலாளி, பொழுது சாயற வரைக்கும் தொங்குவான்." "தொங்கறது இருக்கட்டும், மேலேர்ந்து மழை பெய்ய மாட்டானே?" ஜகதீசன் சிரித்தான். வேதாசலமும், கையில் வாளியோடு இருந்தவன், சிரித்தான், அந்தச் சிரிப்பு பிளாஸ்டர் வழியாகவே கன்னத்தில் தெரிந்தது, அவன் விரல் அங்கேதான் இருந்தது. "ஹீரோயினம்மா அந்தப் புடவையை எங்கிட்டக் காமிச்சுக் காமிச்சு அழுவுது. இனிமே அவன் மேல இருந்தா நான் கீழ உக்கார மாட்டேன்னுட்டுது. சரின்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?" "இவரு யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு முதலாளி. ஃப்ளோர் கூட்டற பொம்பள வரைக்கும் தெரியும்." "சரி, மூஞ்சி வந்துருச்சு. சிரிப்பைப் போன மாசமே ரெக்கார்டு பண்ணிட்டோம். வசனத்துக்கு வேற தொண்டை புடிச்சுக்கலாம். இனிமே இவன் எதுக்கு?" "எப்பச் சொல்றது முதலாளி?" "எதுக்குச் சொல்லணும்? நாளைக்கு வண்டி அனுப்பாதே. ரெண்டு நாள் வாசல்ல நின்னு பாப்பான், அப்புறம் அவனுக்கே புரிஞ்சுரும்." "முப்பதடித் தலைன்னு சொல்லித்தான் உக்கார வச்சிருக்கேன்." "முப்பதடியா? யோவ், அதுக்குக் கடலுக்கு எங்கய்யா போவே?" மறுபடி சிரிப்பு. பிறகு ஜகதீசன் குரலைத் தாழ்த்தினான். "காதுல விழுந்திருக்குமோ?" "வேதாசலம், இவனுக்குக் காது கேக்குமா?" "லேசாக் கேக்கும் முதலாளி." "கேட்டா கேக்கட்டும். எந்திரிச்சு ஓடவா போறான்?"

இவன். காலையில் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வாங்கண்ணே, தலை இடிச்சுக்காம, என்றானே ஜகதீசன், முதலாளிகூட வாசலில் வாங்க சடாட்சரம் என்றாரே, மூஞ்சியை மூடியதும் இவன் ஆகிவிட்டேனா. இல்லை, இவன் என்றது வேறு யாரையாவது இருக்கலாம். வேறு யார் இருக்கிறார்கள் இந்த அறையில். மழை. மேலேர்ந்து மழை. ஃப்ளோர் கூட்டுகிற பொம்பளை வரைக்கும். அப்படியானால் அந்த லைட்பாய், இன்னிக்குப் புழுக்கம் என்றவன், தெரிந்துதான் சொன்னானா, மறுநாள் டீ கொடுக்கும்போது டீக்காரன் கிளாஸை இரண்டு விரலால் பிடித்து நீட்டினானே அது இதற்குத்தானா, ராஜகுமாரன் தோளில் தட்டி உடம்பைப் பாத்துக்குங்க என்றானே. எல்லோரும் சிலையாக நின்றிருக்கிறார்கள். நான்தான் நடுவிலிருந்து நடந்து வெளியே போயிருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை. இடது கை. இடது கையைத் தூக்கினால் அச்சு போச்சு என்றான் வேதாசலம். தூக்கு. கை மடிமேல்தான் கிடக்கிறது, தூக்கினால் பிய்த்து எடுப்பான், அச்சு போகும், இவர்களுக்கு முகம் கிடைக்காது, முகம் இல்லாமல் எத்திராஜ் வெறும் எத்திராஜ். தூக்கு, என்ன யோசனை. தூக்கினால் என்ன சொல்வார்கள். தாங்க முடியலையாம், பயந்துட்டாராம், பூதம் பயந்துடுச்சாம், மூத்திரம் வந்திருக்கும்டா என்பான் ஜகதீசன். கட்டாயம் அதைச் சொல்வான். வெளியே நிற்கிற பயில்வான் அதையும் கேட்டுக்கொண்டு நிற்பான். சடாட்சரம் நின்றால் தூண் என்று எவன் சொல்வான் பிறகு. கை தூக்கினால் முகம் மிஞ்சும், பேர் போகும். தூக்காவிட்டால் பேர் மிஞ்சும், முகம் போகும். இதென்ன பேச்சு, இரண்டுமே என்னுடையது இல்லையா. வேறு வழி இருக்கிறது. கை வேண்டாம். கன்னத்தை உப்பு, வாயைக் கோணு, ரேஷன் கடைக் குழந்தைக்குக் காட்டுகிற முகத்தைக் காட்டு, அச்சு தானே கெட்டுப்போகும், யாருக்கும் தெரியாது, பிரித்துப் பார்த்தால் முகம் இருக்காது, கோணல் குழி ஒன்று இருக்கும், அதை மாட்டிக்கொண்டு தொங்கட்டும் அவன்.

கன்னத்தை உப்பினார். உப்பவில்லை. இன்னொரு தரம், அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து முக்கினார். பப்பாளிக் காம்பு விசில் அடித்தது, அவ்வளவுதான். புருவத்தைத் தூக்கப் பார்த்தார், புருவம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தாடை, உதடு, நெற்றி எதுவும் சொன்னபடி கேட்கவில்லை, மூடிய இமைக்கு அடியில் கண்ணின் உருண்டை மட்டும் இப்படியும் அப்படியும் ஓடிப் பார்த்துவிட்டு நின்றது. பயம் வந்தது. இந்தப் பயம் மேலே தொங்கியபோதுகூட வரவில்லை. இத்தனை காலம் அசையாமல் நின்றதெல்லாம் அசைய முடியும் என்ற தைரியத்தில் நின்றது, அது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கை தூக்கலாம், பேர் போனால் போகட்டும். இடது கையைத் தூக்கினார், விரல் விரித்து நன்றாக உயரத் தூக்கினார். வேதாசலம் அதைப் பிடித்து மெல்ல மடியில் வைத்துத் தட்டிக் கொடுத்தான். "காஞ்சிருச்சுண்ணே, காஞ்சிருச்சு. எடுத்துடறேன். என்ன அவசரம்?"

புருவத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு அச்சு வந்தது. வெளிச்சம் கண்ணில் குத்தியது. ஜகதீசன், "சூப்பர்ண்ணே, கல்லு மாதிரி இருந்தீங்க" என்று ஈரத்துண்டை நீட்டினான். வேதாசலம் அச்சை விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். உட்பக்கம் சடாட்சரத்தின் முகம், குழியாக, கண் மூடி. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தால் பள்ளம் மேடாகத் தெரிந்தது, வேதாசலம் அதைத் தூக்கிக்கொண்டு அறையின் அந்தப் பக்கம் நடந்தபோது அந்த முகம் மெதுவாகத் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு போனது. கதவோரம் ஒருத்தன் நின்றான். கழுத்தே இல்லாமல் தோள்மேல் தலையை வைத்தவன், பனியன், கையில் வேர்க்கடலைப் பொட்டலம். எத்திராஜ். அவர் பார்த்ததும் பொட்டலத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு கும்பிட்டான். வேதாசலம் இன்னொரு வாளியில் புதிதாகக் கரைக்க ஆரம்பித்திருந்தான், அச்சுக்குள் ஊற்ற, ஊற்றினால் பொம்மை முகம் வரும், பொம்மை மேல் ரப்பர், ரப்பருக்குள் எத்திராஜ். கரைத்துக்கொண்டே திரும்பினான். "அண்ணே, ஒரு தடவை சிரிச்சிருங்கண்ணே."

இது அவர்கள் தொழிலில் தவறாத வழக்கம். பிணமாக நடித்தவன் ஷாட் முடிந்ததும் எழுந்து காமிராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும், சிரிக்காமல் போனால் அந்தச் சாவு அவனோடு வீட்டுக்கு வரும். எத்தனை படத்தில் செத்திருக்கிறார் சடாட்சரம், எரிந்து, உருண்டு, கத்தி பாய்ந்து, எல்லாச் சாவுக்கும் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுத்தான் வெற்றிலை போடப் போயிருக்கிறார். வேதாசலத்துக்கு இதில் இன்னும் கெடுபிடி. கண் மூடிய முகத்தை அச்செடுத்தால், அந்த ஆள் சிரிக்காமல் அவன் உள்ளே ஊற்ற மாட்டான். ஒரு தரம் ஊற்றினானாம், அந்த நடிகனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இவன் மூத்த பையன்தான் கிணற்றில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். சடாட்சரம் துண்டால் முகத்தைத் துடைத்து, துண்டை மடித்து, மடிமேல் வைத்தார். வேதாசலத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "அண்ணே, கரைச்சது கெட்டியாகுதுண்ணே." சிரிக்கவில்லை. "என்னண்ணே, சும்மா ஒரு பல்லு தெரிஞ்சாப் போதும்" என்றான் ஜகதீசன். அண்ணே திரும்ப வந்துவிட்டது பார். முதலாளிகூட ஒரு அடி முன்னால் வந்தார். "சிரிச்சிட்டுப் போங்களேன் சடாட்சரம்." போங்களேன். ஆகா. வாளியில் பிளாஸ்டர் நுரை அடங்கிக் கொழகொழவென்று வருவது அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவருக்குள் ஒரு குஷி கிளம்பியது, இந்த வயதில் வராத குஷி, அசையாதே என்றீர்களே, இதோ அசையவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள், இப்படி ஒருத்தன் நிற்க முடியுமா உங்கள் ராஜகுமாரன், நான் சிரிக்காமல் உங்கள் பூதம் பிறக்காது. வாளி இறுகியது. வேதாசலம் கரண்டியைப் பிடுங்கி எடுத்துத் தரையில் வைத்தான். "நான் ஊத்த மாட்டேன் முதலாளி. புள்ளகுட்டிக்காரன் நான். வேற ஆள வச்சு ஊத்திக்குங்க."

முதலாளி கோபிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாடகக் கொட்டகை வைத்து நடத்தியவர் அவர், நடிகர்களை அவருக்குத் தெரியும். "சிரிப்புதானே வேணும்? பக்கத்து ஃப்ளோர்ல டேப்பு மாட்டித்தானே இருக்கு? போடச் சொல்லு ஜகதீசா." "சத்தம் இல்ல முதலாளி, மூஞ்சி சிரிக்கணும்" என்றான் வேதாசலம். "நீ புதுசாக் கரை" என்றார் முதலாளி. சடாட்சரத்துக்கு மனதுக்குள் கேலியாக இருந்தது. போடட்டுமே. போன மாதம் ஒலிப்பதிவு அறையில் விதவிதமாகச் சிரித்துக் கொடுத்தார், வரும்போது சிரிக்கிற சிரிப்பு, கோபத்தில் சிரிக்கிறது, தூக்கி விழுங்கும்போது சிரிக்கிறது, கடைசியில் மறையும்போது சிரிக்கிறது. டேப்பு சிரித்தால் டேப்பு சிரித்தது, எனக்கென்ன, நான் கல். பக்கத்துத் தளத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. பலகைச் சுவர் வழியாக முதலில் மூச்சு வந்தது. அவருடைய மூச்சுதான், சிரிப்புக்கு முன்னால் மூக்கால் இழுக்கிற அந்த நீள மூச்சு. மறைகிற சிரிப்பு. ஒலிபெருக்கியில் சத்தம் வந்தால் வாய் திறக்க வேண்டும் என்று படப்பிடிப்புக்குப் படப்பிடிப்பு, தளத்துக்குத் தளம் பழகிய உடம்பு அது, கல்யாண வீட்டு ரேடியோவில் எவன் பாட்டோ ஓடினால்கூடப் பந்தியில் உட்கார்ந்து உதட்டை அசைப்பார், செண்பகம் முழங்கையால் இடிப்பாள். வேண்டாம் என்றார் அவர். உதடு கேட்கவில்லை. பிளாஸ்டருக்குள் உப்ப மறுத்த கன்னம் இப்போது தானாக உப்பியது, மீதி இருந்த புருவம் ஏறியது, கண் உருண்டது, பல் தெரிந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ஹாஹாஹா என்று எழுந்த இடத்தில் இந்தப் பக்கம் வாய் சரியாகத் திறந்து, அங்கே இழுத்த இடத்தில் இழுத்து, குலுங்கிய இடத்தில் குலுங்கியது, ஒரு இம்மி பிந்தவில்லை. வாய் ஓரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் துணுக்குகள் உதிர்ந்து மடித்த துண்டின் மேல் விழுந்தன.

"சிரிச்சிட்டாரு முதலாளி, அண்ணன் சிரிச்சிட்டாரு" என்று வேதாசலம் சந்தோஷமாகக் கத்திவிட்டு வாளியைச் சரித்தான். குழிமுகத்தின் மூக்கில் முதலில் வெள்ளை இறங்கியது, பிறகு கன்னம், பிறகு மூடிய கண். நிறுத்தச் சொல்லி யாரும் போகவில்லை, டேப்பு ஓடிக்கொண்டே இருந்தது, அது முடிகிறவரைக்கும் சடாட்சரமும் நிறுத்த முடியாது. கண் உருண்ட வாக்கில் கதவுப் பக்கம் போனது. எத்திராஜ் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு, தன் வாயைத் திறந்து திறந்து மூடினான். முதலில் பிந்தினான். அப்புறம் பிடித்துக்கொண்டான்.